ஓ.டி.பி. யார் போனுக்கு வருது அண்ணே?

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தன் கையையும் எதிராளி கையையும் சேர்த்து மூடிக்கொள்வார். அப்புறம் துண்டுக்குள்ளே விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு விலை, இரண்டை அழுத்தினால் இன்னொரு விலை. பக்கத்தில் நின்று கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிற ஆசாமிக்கு ஒரு மண்ணும் புரியாது.

மாட்டை விற்ற அதே பெரியவர் பணம் எடுக்க ஏ.டி.எம்.முக்கு வருவார். முன்னால் நிற்கிற காலேஜ் பையனிடம் கார்டை நீட்டி, "தம்பி, ரெண்டாயிரம் எடுத்துக் குடுப்பா. நம்பரு ஒம்போது, ஏழு, நாலு, ஒண்ணு!" என்பார். அந்தக் குரல் கம்பம் மெட்டு வரைக்கும் கேட்கும்!

ஆக, ரகசியம் காக்கத் தெரியாதவர்கள் இல்லை நம் ஆட்கள். எதைத் துண்டு போட்டு மூட வேண்டும் என்பதில்தான் குழப்பம்.

தேனியில் பஸ் ஏறி சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று எங்கே இறங்கினாலும் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடையோ, ப்ரௌசிங் சென்டரோ, இ-சேவை மையமோ இருக்கும். பட்டா, வருமானச் சான்று, டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம், பாஸ்போர்ட், விவசாயி உதவித்தொகை... எல்லாம் அந்த நாற்காலியில்தான் நடக்கும். அங்கே கேட்கும் வசனம் ஏறக்குறைய இப்படி:

"போன் நம்பர் சொல்லுங்கய்யா."

"போனு மகன்கிட்ட இருக்குப்பா. அவன் திருப்பூர்ல இருக்கான்."

"சரி, ஓ.டி.பி. வரணும்ல... என் நம்பரையே போட்டுர்றேன்."

"போடுப்பா, நீ வேற ஆளா?"

கடைக்காரத் தம்பி நல்லவர். அவசரத்துக்கு உதவுகிறார். பாஸ்வேர்டும் அவரே போடுவார். பெரும்பாலும் கடைப் பெயரோடு ஒண்ணு, ரெண்டு, மூணு சேர்த்திருப்பார். ஒரு நீளமான நோட்டில் பெயர், யூசர் ஐ.டி., பாஸ்வேர்டு எல்லாம் வரிசையாக ஏறிவிடும். நீங்கள் ஐம்பதோ நூறோ கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். பாஸ்வேர்டு என்பது பூட்டின் சாவி. ஆனால் எல்லா இணையக் கணக்கிலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்று ஒரு பட்டன் இருக்கிறது பாருங்கள், அதுதான் மாற்றுச் சாவி. அதை அமுக்கினால் பதிவு செய்த போனுக்கோ ஈமெயிலுக்கோ ஒரு எண் வரும். அந்த எண் யார் கையில் கிடைக்கிறதோ அவர் புது பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய்விடலாம். உங்கள் பழைய பாஸ்வேர்டு எவ்வளவு கஷ்டமானதாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. பாஸ்வேர்டை மனப்பாடம் செய்வதைவிட, மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம் என்பேன்.

இது கற்பனைப் பயம் இல்லை. வியாபாரிகளைக் கேளுங்கள். போடியில் ஏலக்காய் ஏலமே கம்ப்யூட்டருக்கு மாறிப் பல வருஷமாச்சு. அப்படிப்பட்ட ஊரில்கூட, 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது பலருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணக்கு எழுதுகிறவரிடமோ ஏஜெண்டிடமோ "நீங்களே பாத்துப் பதிஞ்சிருங்க" என்று ஒப்படைத்தார்கள். தேனியில் மட்டுமில்லை, நாடு முழுக்க இதே கதை. அந்த ஆட்களில் சிலர் தங்கள் சொந்த போன் நம்பரையும் ஈமெயிலையும் போட்டுப் பதிந்தார்கள். அப்புறம் கட்டணத் தகராறோ, ஆளை மாற்றும் பேச்சோ வந்தால்? கடை உங்களுடையது, வரி எண் உங்களுடையது, ஆனால் உள்ளே போகும் வழி அவரிடம்! "இடைத்தரகர்கள் லாகின் விவரம் தர மறுக்கிறார்கள், வரி கட்டுபவர்கள் அவர்கள் தயவில் கிடக்கிறார்கள்" என்று புகார்கள் குவிந்ததால், 2018 ஜூனில் மத்திய நிதி அமைச்சகமே இதற்கு ஒரு வழி சொல்லி அறிக்கை விட வேண்டி வந்தது.

அந்த வழி இதுதான். ஜி.எஸ்.டி. தளத்தில் உங்கள் வரி எண்ணைப் போட்டுத் தேடினால் நீங்கள் எந்த அதிகாரியின் எல்லைக்குள் வருகிறீர்கள் என்று காட்டும். லாகின் இல்லாமலே பார்க்கலாம். அந்த அலுவலகத்துக்குக் கடைக்கும் உங்களுக்குமான தொடர்பைக் காட்டும் ஆவணங்களோடு போக வேண்டும். அதிகாரி சரிபார்த்து, புது ஈமெயிலையும் போன் நம்பரையும் ஏற்றுவார். யூசர் பெயரும் தற்காலிக பாஸ்வேர்டும் புது ஈமெயிலுக்கு வரும். முதல் தடவை நுழைந்தவுடன் மாற்றிக்கொள்ளலாம். லாகின் கையில் இருந்து, நம்பர் மட்டும் அடுத்தவருடையது என்றால் இன்னும் சுலபம். நீங்களே உள்ளே போய் மாற்றிவிடலாம்.

'எதுக்கு இந்த அலைச்சல், அண்ணன்தான் எல்லாம் பாத்துக்குறாரே' என்று விட்டால் என்ன ஆகும்? நோட்டீஸ் அந்தத் தளத்துக்குத்தான் வரும். தகவல் அவர் போனுக்குப் போகும். அவர் ஊரை மாற்றிவிட்டால் உங்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் தொடர்ந்து ரிட்டர்ன் போகாவிட்டால் பதிவையே ரத்து செய்யச் சட்டத்தில் இடமுண்டு. பி.காம். படித்தவன் என்பதால் என் இனத்தார் சார்பில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கணக்காளரை சந்தேகப்படச் சொல்லவில்லை. நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும். ரிட்டர்ன் போடும் நேரத்தில் அவர் போன் செய்வார், எதற்கு என்று கேட்டுவிட்டு எண்ணைச் சொல்லுங்கள். அவருக்கும் அது பாதுகாப்பு.

உங்கள் கணக்குகளின் ஜாதகம் தெரிய வேண்டுமா? ஒவ்வொன்றிலும் அந்த 'மறந்துவிட்டது' பட்டனை அமுக்கிப் பாருங்கள். எந்த போன் கிணுகிணுக்கிறது என்று கவனியுங்கள். எதுவும் கிணுகிணுக்கவில்லையென்றால் விசாரிக்க வேண்டிய நேரம்! தூக்கிப்போட்ட பழைய சிம்மும் இதில் சேர்த்தி. எஸ்டேட் வேலைக்கு மலையேறினால் ஒரு சிம், கீழே இறங்கினால் ஒரு சிம் என்று வைத்திருப்பவர்கள் இங்கே அதிகம். பயன்படுத்தாத நம்பரைக் கம்பெனி துண்டித்து, சில மாதம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அவர் யாரோ, எவரோ! உங்கள் பேங்க் செய்தி அவர் போனில் வந்து விழும்.

கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு பிறந்த கதையும் நம்ம நோட்டுக் கதைதான். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1960-களின் தொடக்கத்தில், ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டு உபயோகிக்க ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவர் தலைமையில் ஏற்பாடு செய்தார்கள். ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குத் தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. மூளையைக் கசக்கி அடுத்தவர் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தாரா? அதெல்லாம் இல்லை. பாஸ்வேர்டு பட்டியல் இருந்த ஃபைலை அச்சடித்துத் தரும்படி ஒரு அட்டையில் துளை போட்டுக் கொடுத்தார். கம்ப்யூட்டரும் சமர்த்தாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது! முதல் திருட்டே யூகத்தில் நடக்கவில்லை, நோட்டு திறந்து கிடந்ததால் நடந்தது.

அதன் பிறகு விவரமானார்கள். நல்ல தளங்கள் இன்று பாஸ்வேர்டை அப்படியே வைத்துக்கொள்வதில்லை, அரைத்து வைக்கின்றன. மிளகாயை அரைக்கலாம், விழுதைத் திரும்ப மிளகாயாக்க முடியாது இல்லையா, அந்த மாதிரி கணக்கு. ஒரே பாஸ்வேர்டு வைத்த இரண்டு பேருக்கு ஒரே விழுது வந்துவிடக் கூடாதே என்று அரைக்கும்போது ஆளுக்கு ஆள் வேறு ஏதோ கொஞ்சம் சேர்ப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? உப்பு! நான் கட்டவில்லை சார், 1979-ல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்ஸனும் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது.

அரைக்காமலே வைத்திருந்த 'ராக்யூ' என்ற கம்பெனியிலிருந்து 2009-ல் 3 கோடிக்கும் மேல் பாஸ்வேர்டுகள் வெளியே வந்தன. முதலிடம் பிடித்தது 123456. நம்ம கடைத் தம்பியைக் குறை சொல்லாதீர்கள், உலகமே அப்படித்தான்.

சரி, எப்படித்தான் வைப்பது? பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலக்கணும், அடிக்கடி மாத்தணும் என்று படுத்தினார்களே, அந்த யோசனையை 2003-ல் எழுதியவர் அமெரிக்க அரசு நிறுவனத்தில் இருந்த பில் பர். 2017-ல் அவரே, எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகப் பேட்டி கொடுத்தார். காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதே, நீளமாக இருந்தால் போதும் என்று அதே நிறுவனம் அந்த வருஷம் விதியைத் திருத்தியது. சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து எழுதினால் ஆயிற்று. வெத்தலை, ஆட்டோ, மூக்கு, புதன்கிழமை என்கிற மாதிரி. (இதையே வைத்துவிடாதீர்கள். பத்திரிகையில் வந்த பாஸ்வேர்டு ஊர்ப் பொதுக்கிணறு.) குழந்தை பெயர், வண்டி நம்பர், குலசாமி பெயர் வேண்டாம்; ஒருநாள் பழகியவருக்கே தெரிந்துவிடும். ஈமெயிலுக்கும் பேங்குக்கும் தனித்தனி பாஸ்வேர்டு அவசியம். எங்கோ ஒரு தளத்தில் கசிந்ததைத் திருடர்கள் எல்லாக் கதவிலும் போட்டுப் பார்ப்பார்கள்.

ஞாபகம் இருக்காதே என்றால் எழுதி வையுங்கள். ஆமாம், தப்பில்லை! பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையரே 2005-ல் எழுதி பர்ஸில் வைக்கச் சொன்னவர்தான். வீட்டு பீரோவில் இருக்கிற நோட்டை ரஷ்யத் திருடன் படிக்க முடியாது. ஏ.டி.எம். கார்டின் முதுகில் மட்டும் பின் நம்பரை எழுதாதீர்கள்.

யு.பி.ஐ. விஷயத்தில் ஒரே வரி: பணம் அனுப்பத்தான் பின் நம்பர், வாங்க வேண்டாம். 'ஏலக்காய்க்கு அட்வான்ஸ் அனுப்புறேன், பின் போடுங்க' என்றால் போனை வைத்துவிடுங்கள். நம்பரை நீங்களே சொல்லிப் பணம் போனால், பேங்குக்குப் புகார் சொல்கிற நிமிஷம் வரை நஷ்டம் உங்களுடையது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை உத்தரவில் எழுதியது. அதனால் உறவுக்காரர்களிடம் புலம்புவதற்கு முன்னால் பேங்குக்கும் 1930-க்கும் போன் போடுங்கள்.

அடுத்து ஃபைல்கள். ஆதாரை இறக்கி அச்செடுத்துவிட்டு வந்துவிடுகிறோம், ஃபைல் கடைக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது. அதுக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கே என்பீர்கள். அந்தப் பாஸ்வேர்டு என்ன? பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து, பிறகு பிறந்த வருஷம். இது தெரியாதவர் யார்? பொதுக் கம்ப்யூட்டரில் ஆதாரை இறக்க வேண்டாம், இறக்கினால் சுத்தமாக அழித்துவிடுங்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் எச்சரித்தது. ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று இரண்டே நாளில் மத்திய அரசு அதை வாபஸ் வாங்கியது. வாபஸ் ஆனது அறிவிப்புதான், ஃபைல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வாட்ஸ்-அப்பில் கடை நம்பருக்கு அனுப்பிய பத்திரமும் அப்படியே. வேலை முடிந்ததும் எழுந்துவிடாமல், எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் ஆதார் நகலும் உண்டு, அது போதும் என்கிற இடங்களில் அதையே கொடுங்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் பத்திரம், கல்யாண போட்டோ எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு பிரதி வேண்டும். 2017 மே மாதம் 'வான்னக்ரை' வைரஸ் உலகைக் கலக்கியபோது மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களையும் பூட்டிக்கொண்டு பணம் கேட்டது. ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. 'அப்டேட்' என்று வந்தபோதெல்லாம் 'பிறகு பார்க்கலாம்' அமுக்கியவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

எல்லாவற்றையும் மூடி மூடி வைத்துவிட்டு ஒருநாள் நாம் போய்ச் சேர்ந்தால்? எந்தெந்த பேங்கில் என்ன இருக்கிறது என்ற பட்டியலாவது வீட்டில் ஒருவருக்குத் தெரிய வேண்டும். பின் நம்பர் வேண்டாம், பட்டியல் போதும். நாமினி போட்டிருந்தால் முறைப்படி வாங்கிக்கொள்வார்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நாலு நாமினி வரை போடலாம். மாமியார், மருமகள் இருவரையும் திருப்திப்படுத்த அரசாங்கம் செய்த ஏற்பாடு!

கடைசியில் அந்த நீள நோட்டுக்காரத் தம்பியிடமும் விஷயத்தைச் சொன்னேன். சங்கடப்படுவார் என்று பார்த்தால் பெருமூச்சு விட்டார்.

"நோட்டை இன்னைக்கே கிழிச்சிரலாம்ணே, எனக்கும் விட்டது தொல்லை. நாளைக்குக் காலையில பத்துப் பேரு வந்து, 'தம்பி, என் பாஸ்வேர்டு என்னாப்பா'ன்னு நிப்பாக. அப்ப நீங்க வந்து பதில் சொல்வீகளா?"