புராஜெக்ட்: கடைசி வருடப் பிள்ளைகளின் வீட்டார் கவனத்திற்கு



போன மார்ச் மாதம் ஒருநாள் லுஹர் தொழுகை முடிந்து அலுவலகத்தைத் திறக்க வந்தபோது, ஒரு அத்தா வாசலில் காத்திருந்தார். பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். மகன் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் கடைசி வருடம். "செக்ரட்டரி பாய், புராஜெக்ட் பீஸ் 12,000 ரூபாய் கட்டணுமாம். கட்டலைன்னா டிகிரியே கிடைக்காதுங்கிறான்" என்றார். கல்லூரிக் கட்டணம் போலிருக்கிறது என்று நினைத்து விவரத்தாள் கேட்டேன். மறுநாள் கொண்டுவந்த தாளில் கல்லூரிப் பெயரே இல்லை. புராஜெக்டை ரெடிமேடாகச் செய்து, ரிப்போர்ட்டும் அடித்துக் கொடுக்கிற ஒரு கடையின் விலைப்பட்டியல் அது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். புராஜெக்ட் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நம் வீடுகளில் பலருக்கும் அதே நிலைதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2021 விதிமுறைப்படி படிப்பவர்களுக்கு எட்டாவது செமஸ்டரில் புராஜெக்ட் வருகிறது. அதற்கு 10 கிரெடிட். சாதாரணமாக ஒரு பாடத்துக்கு 3 கிரெடிட் என்பதால், இந்த ஒன்றே மூன்று பாடத்துக்கு மேல் கனமுள்ளது. வாரத்துக்கு 20 பீரியடு இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். தனியாகவும் செய்யலாம், சேர்ந்தும் செய்யலாம். ஒரு குழுவில் நான்கு பேருக்கு மேல் கூடாது. செமஸ்டருக்குள் மூன்று முறை ஆசிரியர் குழுவுக்கு முன்னால் நின்று, வேலை எதுவரை வந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். இதைத்தான் பிள்ளைகள் 'ரிவ்யூ' என்கிறார்கள். கடைசியில் ரிப்போர்ட், அதன்பின் வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் கேள்வி கேட்கும் வைவா. தன்னாட்சிக் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் கணக்கு கொஞ்சம் மாறும், முறை ஏறக்குறைய இதுதான்.

மற்ற பாடங்களில் நம் பிள்ளை படித்தால் நம் பிள்ளைக்கு மார்க். இதில் ஒருவன் சுணங்கினால் மற்ற மூவரும் நின்றுபோவார்கள்.

இதற்கு அப்துல் கலாம் அவர்களின் மாணவப் பருவத்தை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாதபோது அவருடைய சகோதரி சொஹரா தன் நகையை அடகு வைத்துக் கொடுத்தது நமக்குத் தெரிந்த கதை. அங்கே பாடங்கள் முடிந்தபின் அவருக்கும் நான்கு நண்பர்களுக்கும் சேர்த்து ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். தாழப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றை வடிவமைக்க வேண்டும். காற்றியல் வடிவமைப்பு கலாமின் பொறுப்பு. எஞ்சின், கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவை மற்றவர்களுக்கு. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன் வந்து பார்த்தார். வேலை சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கலாம் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். திங்கள் காலைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று பதில் வந்தது. அன்றிரவு சாப்பிடாமல் வரைபலகை முன் நின்றவர், ஞாயிறு காலை கிட்டத்தட்ட முடித்துவிட்டார். பின்னால் யாரோ நிற்பதுபோல் தோன்றித் திரும்பினால், டென்னிஸ் உடையோடு பேராசிரியர் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். முதுகில் தட்டிக் கொடுத்தார்.

இதைக் கடின உழைப்புக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் இன்னொன்றையும் பார்க்கிறேன். விமானத்தின் உருவமே முடிவாகாமல் எஞ்சினை எங்கே பொருத்துவது? கலாம் தாமதித்திருந்தால் மற்ற நால்வரின் வேலையும் காகிதத்திலேயே கிடந்திருக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மருந்து கலப்பவர் ஓர் அறையில், திரி சொருகுபவர் வேறொரு அறையில். அங்கே நடக்கும் தவறு இங்கே வந்து முடியும்.

குழு எங்கே கெட்டுப்போகிறது? நான் விசாரித்தவரை, சண்டையால் கெடுவது குறைவு. நன்றாகப் படிக்கிற ஒருவர் எல்லாவற்றையும் செய்ய, இங்கிலீஷ் பேச வருகிறவர் ரிவ்யூவில் பேச, மற்ற இருவர் கூட நிற்பார்கள். வைவாவில் தேர்வாளர் கேள்வி கேட்பது பெரும்பாலும் அந்தக் கூட நிற்பவரைத்தான். ஆகவே முதல் வாரத்திலேயே யாருக்கு எது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். வாரம் ஒருமுறை உட்கார்ந்து, தன் பங்கை மற்ற மூவருக்கும் ஒவ்வொருவரும் விளக்கட்டும். எல்லாப் பாகங்களையும் கடைசி வாரத்தில் இணைத்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. தனித்தனியாக ஓடும் பாகங்கள் சேர்த்தால் ஓடாது. அதைச் சரிசெய்யத்தான் அதிக நாள் பிடிக்கும்.

பெண் பிள்ளைகளின் வீட்டாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. "லேப்ல நிக்கணும்னா அத்தா சத்தம் போடுறாங்க, அதனால ரிப்போர்ட் டைப் பண்ற வேலையை மட்டும் வாங்கிக்கிட்டேன் மாமா" என்று ஒரு மகள் என்னிடம் சொன்னாள். படிப்பில் அந்தக் குழுவிலேயே அவள்தான் முதல். ஆலை வேனுக்கு அத்தா காத்து நிற்பதில்லையா? லேப் நேரமும் அப்படித்தான், நம் வசதிக்கு வராது. ரிவ்யூ தேதிகளை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அந்த வாரங்களில் சாயங்காலம் அழைத்துவர அண்ணனோ மாமாவோ போகட்டும். துறைத் தலைவரிடம் நேரில் பேசினால் மாணவிகள் மட்டும் கொண்ட குழுவாகவும் கேட்டுப் பார்க்கலாம்.

12,000 ரூபாய் கேட்ட பையனுக்கு வருகிறேன். அந்தப் பணத்தை நாங்கள் தரவில்லை. ஜகாத் கொடுத்தவர்கள் எதற்கென்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்? அவனையும் நண்பர்கள் மூவரையும் வரவழைத்து, உங்களால் எதைச் செய்ய முடியும் என்று கேட்டோம். அறையில் வெப்பமும் ஈரப்பதமும் அளவு மீறினால் மணியடிக்கும் கருவி என்றார்கள். அத்தா வேலை பார்க்கும் இடத்தை நினைத்துத்தான் அவன் சொல்லியிருக்க வேண்டும். பாகங்களுக்கு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. பில் பார்த்துக் கொடுத்தோம். இரண்டாவது ரிவ்யூவில் கருவி வேலை செய்யவில்லை. சென்சார் கம்பியில் ஒரு இணைப்பு விட்டிருந்ததாம். கண்டுபிடிக்க இரண்டு இரவு ஆனது. வைவாவில் அதைப் பற்றித்தான் தேர்வாளர் கேட்டிருக்கிறார், அவனும் கம்பி கம்பியாகச் சொல்லியிருக்கிறான். மார்க் நடுத்தரம்தான். கருவி இப்போது அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஆலையில் வைக்க அனுமதியெல்லாம் வேண்டும், அது வேறு கதை.

இந்த வருடம் முதல் புராஜெக்ட் பாகங்களுக்கான உதவி தனி விண்ணப்பமாக வாங்கப்படும். குழுவில் யாருக்கு எந்த வேலை என்று எழுதிய தாளும் வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்தும் வேண்டும். ரெடிமேட் கடை விலைப்பட்டியல் ஏற்கப்படாது. ஜனவரி மாதத்துக்குள், அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் கொடுக்கலாம்.