மின்கோபுரத்துப் பீங்கான் வட்டுகள்

உயரழுத்த மின்கோபுரங்களில், கம்பிக்கும் கோபுரத்தின் இரும்புக் கைக்கும் இடையே சரமாகத் தொங்கும் பீங்கான் வட்டுகள், கம்பியின் எடையைத் தாங்குவதோடு, அதில் பாயும் மின்சாரம் கோபுரத்தின் வழியே தரைக்கு இறங்காமலும் காக்கின்றன. மின்சாரத்தை எளிதில் செல்லவிடும் பொருள் கடத்தி எனவும், செல்லவிடாத பொருள் காப்பான் எனவும் வழங்கப்படும். செம்பு, அலுமினியம் போன்ற உலோகங்களில் சில எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் கட்டுப்படாமல் உலவுவதால், மின்னழுத்தம் கிடைத்தவுடன் அவை ஒரு திசை நோக்கி நகர்கின்றன. களிமண்ணும் பெல்ஸ்பாரும் குவார்ட்சும் கலந்து சுட்ட பீங்கானிலோ எலக்ட்ரான்கள் அணுப்பிணைப்புகளில் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. மின்னோட்டத்தை ஒரு பொருள் எந்த அளவுக்கு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் மின்தடை எண், செம்பைவிடப் பீங்கானுக்கு ஏறத்தாழ 1-க்குப் பின் 18 சுழியங்கள் இட்ட மடங்கு அதிகம்.

இவ்வேறுபாட்டை முதலில் தெளிவாகக் கண்டவர் இங்கிலாந்தின் ஸ்டீபன் கிரே. 1729-இல் நண்பர் கிரான்வில் வீலருடன் சணல் கயிற்றின் வழியே மின்னூட்டத்தை நெடுந்தொலைவு செலுத்தியபோது, கயிற்றைத் தாங்கிய பட்டு நூல் அறுந்துவிட, அதனிடத்தில் மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டிப் பார்த்தார். மின்னூட்டம் மறுமுனையை எட்டவே இல்லை. மின்சாரத்தைத் தடுத்தது பட்டு நூலின் மெல்லிய பருமனன்று, பட்டு என்னும் பொருளே என்பது அதனால் புலப்பட்டது. மின்னியல் வரலாற்றில் இத்துணை எளிய கருவிகளால் இத்துணைப் பெரிய உண்மை வெளிப்பட்ட தருணங்கள் அரியவை.

எனினும் காப்பானின் திறம் அதன் உட்பொருளை மட்டும் சார்ந்ததன்று; அதன் மேற்பரப்பில் படியும் ஈரத்தையும் அழுக்கையும் சார்ந்தது. தூய நீர் மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்தும். ஆனால் அதில் உப்பு கரைந்தால், மின்னூட்டம் பெற்ற அயனிகள் உண்டாகி அதைக் கடத்தியாக்கிவிடுகின்றன. கடலோரப் பகுதிகளில் வட்டின் மேல் உப்பும் தூசியும் படிந்து, விடியற்காலைப் பனியில் அவை நனையும்போது, பீங்கான் பழுதின்றி இருந்தாலும், அதன் மேற்பரப்பு வழியே மின்சாரம் கசிந்து, சில வேளைகளில் பெரும் பொறியாக வெடித்துத் தாவுகிறது. படிவைக் கழுவிவிடும் கனமழையைக் காட்டிலும், ஈரத்தை மட்டும் தந்து அழுக்கை விட்டுவைக்கும் பனியே இவ்வகையில் கூடுதல் ஆபத்தானது. வட்டின் அடிப்புறத்தில் காணப்படும் வளைய மடிப்புகள் இக்கசிவைக் குறைக்கவென்றே வகுக்கப்பட்டவை: அவை மின்சாரம் ஊர்ந்து செல்லவேண்டிய பாதையை நீட்டுவதோடு, அதன் ஒரு பகுதியை மழையில் நனையாமலும் காக்கின்றன. மேற்பூச்சாகிய மினுக்கமும் அழுக்கு ஒட்டுவதைக் குறைக்கிறது. மாசு மிகுந்த இடங்களில் இப்போது பீங்கானுக்கு மாற்றாகச் சிலிக்கோன் ரப்பர் காப்பான்களும் பயன்படுகின்றன. அவற்றின் மேல் நீர் படலமாகப் பரவாமல் தனித்தனித் துளிகளாகவே நிற்பதால், கசிவுக்குத் தொடர்ச்சியான பாதை எளிதில் அமைவதில்லை.