தொழிலாளியின் தேய்மானக் கணக்கு

ஆலை முதலாளி ஒருவர் புதிய யந்திரம் வாங்கினால், அது வருஷத்துக்கு எவ்வளவு தேய்கிறது என்பதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதத் தவறுவதில்லை. அந்தத் தேய்மானத்தைக் கழித்த பிறகே லாபம் காட்டுகிறார். வரி அதிகாரிகளும் அதை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அதே யந்திரத்தின் அருகில் முப்பது வருஷம் நின்று உழைத்தவனுடைய முதுகும் முழங்காலும் செவியும் எவ்வளவு தேய்ந்தன என்பதற்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. அவ்விடத்தைச் சட்டத்தின் மூலம் உண்டாக்க முயன்ற தேசம் பிரான்சு. அம்முயற்சி தொடங்கிய விதத்தையும் பாதியில் முறிந்த விதத்தையும் நமது வாசகர்கள், முக்கியமாகத் தொழிலாளர் சங்கங்களில் உழைப்பவர்கள், அறிந்துகொள்வது அவசியமென்று கருதுகிறோம்.

2010-ஆம் வருஷத்தில் பிரெஞ்சு சர்க்கார் ஓய்வு பெறும் வயதை 60-லிருந்து 62-ஆக உயர்த்த முற்பட்டபோது நியாயமான கேள்வியொன்று எழுந்தது. மேஜையடியில் அமர்ந்திருப்பவருக்கும் கூரைமேல் ஏறி ஓடு மாட்டுகிறவருக்கும் ஒரே வயதா? அந்நாட்டுப் புள்ளிவிவர இலாகாவின் கணக்குப்படி, 35 வயதுள்ள உயர்தர உத்தியோகஸ்தர் ஒருவர், அதே வயதுள்ள உடலுழைப்புத் தொழிலாளியைவிடச் சுமார் 6 வருஷம் அதிகமாக உயிர் வாழ எதிர்பார்க்கலாம். இவ்விருவரையும் ஒரே வயது வரை உழைக்கச் சொல்வது சமத்துவமாகாது. ஒருவருடைய நீண்ட ஓய்வுக்கு மற்றவர் தமது ஆயுளைச் சந்தாவாகச் செலுத்துவதாகவே அது முடியும்.

ஆகவே அந்தச் சட்டத்திலேயே முதலாளிக்கு ஒரு கடமை விதிக்கப்பட்டது. கடினமான நிலைமைகளில் வேலை செய்யும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனிச் சீட்டு எழுதி வைக்கவேண்டும். என்ன கஷ்டம், எவ்வளவு காலம், அதைத் தடுக்கத் தாம் செய்தது என்ன என்பவை அதில் காணப்படவேண்டும். 2014-ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. கஷ்டங்கள் பத்து என வகுக்கப்பட்டன: பாரம் தூக்குதல், வளைந்தும் குந்தியும் வேலை செய்தல், யந்திர அதிர்வு, தீங்கான ரசாயனங்கள், கடுங்குளிரும் கடும் வெப்பமும், இரைச்சல், அழுத்தம் மிகுந்த காற்றில் வேலை, இரவு வேலை, இரவும் பகலும் மாறி வரும் ஷிப்டு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தல்.

ஒவ்வொன்றுக்கும் அளவும் குறிக்கப்பட்டது. 15 கிலோ பாரத்தை வருஷத்தில் 600 மணி நேரம் தூக்கினாலும், உடலை 45 டிகிரி வளைத்து 900 மணி நேரம் வேலை செய்தாலும் அது கணக்கில் ஏறும். கணக்கில் ஏறிய வருஷத்துக்கு 4 புள்ளி. 10 புள்ளி சேர்ந்தால் ஓய்வூதியக் கணக்கில் ஒரு காலாண்டு கூடும். இவ்விதம் இரண்டு வருஷம் வரை முன்னதாக ஓய்வு பெறலாம். கூலி குறையாமல் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளவும், இலகுவான வேறு தொழில் பயிலவும் புள்ளிகள் உதவும். இத்தகைய வேலைகளில் ஆட்களை வைத்திருக்கும் முதலாளி அதற்கென்று கூடுதல் சந்தா செலுத்தவேண்டும். சட்டத்தின் உயிர்நிலை இதுவே. பாரத்தைக் கணக்கெழுதினால் பணம் கொடுக்கவேண்டும். பணம் கொடுக்கிறவர் பாரம் தூக்கும் யந்திரம் வாங்குவதைப்பற்றித் தாமாகவே யோசிப்பார்.

முதலாளிகள் பலமாக ஆக்ஷேபித்தார்கள். பத்துப் பேரை வைத்து வீடு கட்டும் சிறு காண்டிராக்டர், கடிகாரமும் கோணமானியும் ஏந்திக்கொண்டு ஒவ்வொரு கொத்தனாரின் பின்னாலும் ஓடமுடியுமா என்று கேட்டார்கள். இந்த ஆக்ஷேபணையில் உண்மை இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் 2015-ஆம் வருஷத்திலேயே இதற்குப் பரிகாரம் செய்யப்பட்டிருந்தது. தனித்தனிச் சீட்டு எடுக்கப்பட்டது. ஒவ்வொரு தொழிலுக்கும் பொதுவான அட்டவணை வகுத்து, கொத்தனாருக்கு இவ்வளவு, சுமை தூக்குவோருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுத்தது. வழி இருந்தது, அதில் நடக்க மனந்தான் இல்லை.

முடிவு என்னவாயிற்று? 2017 செப்டம்பரில் பிறந்த அவசரச் சட்டம் பத்தில் நான்கை அந்தக் கணக்கிலிருந்து அடித்துவிட்டது. பாரம், வளைந்து வேலை செய்தல், யந்திர அதிர்வு, ரசாயனங்கள் என்பவை அந்த நான்கு. 2016 ஜூலையில் தொடங்கிய பாரத்தின் கணக்கு 15 மாதங்களே நடந்தது. முதலாளிகளின் தனிச் சந்தாவும் ரத்தாயிற்று. செலவு விபத்துக்கும் வியாதிக்குமான பொது நிதியின் தலையில் விழுந்தது.

தொழிலாளியைப் பாதுகாக்கும் பொதுக் கடமை முதலாளிக்கு இன்றும் உண்டு என்பது மெய். ஆனால் இந்த நான்கு கஷ்டங்களைப் பொறுத்தவரை, கணக்கெழுதி அறிவிக்கும் கடமை போய்விட்டது. தொழிலினால் வந்த வியாதியென்று அங்கீகரிக்கப்பட்டு, 100-க்கு 10 பங்கு நிரந்தர அங்கவீனமும் ஏற்பட்டிருந்தால் முன்னதாக ஓய்வு கிடைக்கும். அதாவது, முதுகு வளையும்போது கேட்க ஆளில்லை. முறிந்த பிறகு சாட்சியத்துடன் வரவேண்டும். நியாயஸ்தலங்களில் பழகிய நாம் இதன் பொருளை நன்கறிவோம். எழுதிவைக்கும் பொறுப்பு முதலாளியிடமிருந்து நீங்கியதும், நிரூபிக்கும் பாரம் நோயாளியின் தோளில் ஏறிவிடுகிறது. சுமை தூக்கித் தேய்ந்தவன்மேல் கடைசியாக ஏற்றப்படும் சுமை அது.

2023-ஆம் வருஷத்தில் ஓய்வு வயதை 64-ஆக உயர்த்தச் சட்டம் செய்தபோது லக்ஷக்கணக்கான ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள். சர்க்கார் இரவு வேலையின் அளவை 120 இரவிலிருந்து 100 இரவாகத் தளர்த்திற்று; பாரம், வளைவு, அதிர்வு ஆகியவற்றைத் தடுக்க ஐந்து வருஷங்களுக்கு 100 கோடி யூரோ நிதியும் ஏற்படுத்திற்று. நல்லதுதான். ஆயினும் அடித்த நான்கையும் அது மீண்டும் எழுதவில்லை. நிதி என்பது தருகிறவரின் தயவு. கணக்கோ பெறுகிறவரின் உரிமை.

அளப்பது கஷ்டம் என்ற வாதம் நம் நாட்டிலும் எழும். அளக்கவேண்டாத கஷ்டங்களும் உண்டு. நாள் முழுதும் நிற்கவைக்கப்பட்ட கடைச் சிப்பந்திகளுக்கு ஆசனம் கொடுக்கவேண்டுமென்று 2018-இல் கேரளமும் 2021-இல் தமிழ்நாடும் சட்டம் செய்தன. நாற்காலி இருக்கிறதா, அதில் உட்கார விடுகிறார்களா என்று பார்க்கக் கோணமானி வேண்டியதில்லை. நமது சங்கங்கள் எந்தப் பாதுகாப்புச் சட்டத்தை ஆராய்ந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். கணக்கெழுதும் கடமை யாருடையது? எழுதியதைப் பார்க்கவும் மறுக்கவும் தொழிலாளிக்கு உரிமை உண்டா? கஷ்டத்துக்கான செலவு அதை உண்டாக்குகிறவரைச் சேருகிறதா? இம்மூன்றுக்கும் தெளிவான விடையில்லாத சட்டம் எவ்வளவு இனிய வார்த்தைகளால் எழுதப்பட்டிருந்தாலும் காகிதமே. தொழிலாளியின் உடம்பு தன் கணக்கை நாள்தோறும் எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. முதலாளியின் புத்தகத்திலும் அது ஏறும்படி செய்வதே நமது வேலை.