மூளை அலைப் பயிற்சி

மாந்தர் மூளையில் நுண்ணிய மின்னலைகள் ஓயாது எழுந்தடங்குகின்றன. ஜெர்மனியில் யேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் என்பார் 1924-ஆம் ஆண்டில் இவற்றை முதன்முதலிற் பதிவுசெய்தார். இவ்வலைகளை ஒருவர்க்கு உடனுக்குடன் திரையிற் காட்டி, விரும்பிய அலை எழுந்தபோதெல்லாம் ஒலியால் ஊக்குவிப்பின், அவர் நாளடைவில் அவ்வலையைத் தாமே எழுப்பக் கற்பார் என்பது இப்பயிற்சியின் கருத்து. இதனாற் கவனம் நிலையாச் சிறுவர் ஒருவர் 1976-இலும், குடிப்பழக்கமுடையோர் 1989-இலும் நற்பயன் பெற்றனரென அமெரிக்க அறிஞர் எழுதினர்.

ஆயின், 2021-இல் வெளிவந்த ஆய்வொன்றில், 140-க்கு மேற்பட்ட சிறுவருள் ஒரு சாரார்க்குத் தத்தம் அலைகளும், ஏனையோர்க்கு முன்பே பதிவான பிறருடைய அலைகளும் காட்டப்பட்டன. எவர்க்கு எதுவென அவர்கள் அறியார். இரு சாராரும் ஏறத்தாழ ஒப்பவே நலமுற்றனர். நலம் மெய்யே; அதனை விளைத்தது அலைப்பயிற்சியே என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆதலின், இதற்குப் பெரும்பொருள் செலவிடுமுன் பெற்றோர் நன்கு ஆராய்ந்து துணிவாராக.