வேலை நன்றாக நடந்த நாளில் என்ன இருந்தது?

அமெரிக்க வாடிக்கையாளருக்கு இரவு முழுவதும் பதில் சொல்லும் கால் சென்டர் வேலையில், ஊழியர்கள் ஆறே மாதத்தில் கழன்றுகொள்வது புதிதல்ல. நேரம் கெட்ட தூக்கம், தொலைபேசியில் வந்து விழும் கோபம், இவற்றோடு தன் பேச்சு வழக்கையே ஒளித்துக்கொண்டு வேறொருவராகப் பேச வேண்டிய நெருக்கடி. விப்ரோ நிறுவனத்தின் பி.பி.ஓ. பிரிவில் டேனியல் கேபிள், பிரான்செஸ்கா ஜினோ, பிராட்லி ஸ்டாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து, அதன் முடிவை 2013இல் வெளியிட்டார்கள். சம்பளத்தையும் ஷிப்டையும் அவர்கள் தொடவில்லை. புதிதாகச் சேர்ந்த 605 பேரை வைத்து, வேலைக்கு வந்த முதல் நாளில் ஒரு மணி நேரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள்.

ஒரு பிரிவினரிடம், ‘உங்களிடம் உள்ள எந்தத் தனித்தன்மை வேலையில் உங்களை மகிழ்ச்சியாகவும் திறமையாகவும் இயங்க வைக்கிறது?’ என்று கேட்டார்கள். அவரவர் யோசித்து, அதைச் சொல்லியே சக ஊழியர்களிடம் அறிமுகமானார்கள். முடிவில் அவரவர் பெயர் பொறித்த ஸ்வெட்ஷர்ட்டும் பேட்ஜும் கிடைத்தன. இன்னொரு பிரிவினருக்கு நிறுவனத்தின் பெருமைகள் எடுத்துச் சொல்லப்பட்டன. அவர்களுடைய ஸ்வெட்ஷர்ட்டில் இருந்தது நிறுவனத்தின் பெயர். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான பயிற்சி மட்டும்.

ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, வழக்கமான பிரிவில் வேலையை விட்டுப் போனோர் விகிதம் முதல் பிரிவைவிட 47 சதவீதம் அதிகமாக இருந்தது. வாடிக்கையாளர் திருப்தியிலும் முதல் பிரிவே மற்ற இரண்டையும் முந்தியது. ஒரு தகவலை இங்கே மறைக்கக் கூடாது. இந்த மூவரில் ஜினோவின் வேறு நான்கு கட்டுரைகளின் தரவு குறித்துக் குற்றச்சாட்டு எழுந்து, 2025இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரது நிரந்தரப் பணி உரிமையைப் பறித்தது. அவர் குற்றச்சாட்டை மறுக்கிறார். விப்ரோ ஆய்வு அந்த நான்கில் இல்லை. ஆனாலும் ஒற்றை ஆய்வை நம்பி ஒரு கொள்கையைக் கட்டக் கூடாது என்பதால், வேறு திசையிலிருந்து வரும் சான்றையும் பார்க்க வேண்டும்.

அப்ரைசல் அறையில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அந்தச் சான்று ஆச்சரியம் தராது. ஆண்டு முழுக்கச் செய்ததில் தொண்ணூறு பங்கு நல்லபடி முடிந்திருக்கும். பேச்சு மட்டும் மிச்சப் பத்தைச் சுற்றியே ஓடும். குறையைச் சொன்னால்தானே திருத்துவார்கள் என்பது மேலாளர்களின் நம்பிக்கை. 1996இல் அவ்ராஹம் க்ளூகரும் ஆஞ்செலோ டினிசியும் அதுவரை வந்த பின்னூட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அறுநூறுக்கு மேற்பட்ட அளவீடுகள், இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகள். சராசரியாகப் பின்னூட்டம் உதவியது உண்மைதான். ஆனால், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் அதைக் கேட்ட பிறகு வேலைத்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையிலிருந்து நழுவி, ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற கவலைக்குத் தாவிவிடுவதுதான் காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். புகழ்ச்சிக்கும் இதே ஆபத்து உண்டு என்றார்கள். ஆகவே குறை சொல்வதை நிறுத்திவிட்டுப் பாராட்டிக்கொண்டே இருந்தால் போதும் என்று இதைப் படிக்க முடியாது.

பலத்தின் மேல் வேலையைக் கட்ட வேண்டும் என்று பீட்டர் டிரக்கர் 1967லேயே எழுதினார். நெப்ராஸ்காவின் கல்வி உளவியலாளர் டொனால்டு கிளிஃப்டன் அதைச் சோதனைத் தாளாக மாற்றினார். 34 பலங்களின் பட்டியலில் உங்களுடைய முதல் ஐந்து எவை என்று சொல்லும் அந்தத் தேர்வைக் கோடிக்கணக்கானோர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஐந்து சொற்கள் கையில் கிடைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது. பலம் ஆளுக்குள் மட்டும் இருக்கும் பொருள் என்ற எண்ணமும் வந்துவிடுகிறது.

க்ளூகர் பிற்பாடு உருவாக்கிய நேர்காணல் முறை இந்த இடத்தில்தான் முன்னே நிற்கிறது. அதில் மதிப்பெண் இல்லை, பட்டியல் இல்லை. வேலையில் நீங்கள் உயிர்ப்போடு இருந்த ஒரு சம்பவத்தைக் கதையாகச் சொல்லுங்கள் என்பது தொடக்கம். அந்தக் கதை நடக்க உங்களுக்குள் என்ன இருந்தது, மற்றவர்கள் என்ன செய்தார்கள், நிறுவனம் என்ன வசதி கொடுத்தது என்பது அடுத்தது. உங்களுடைய அடுத்த சில மாதத் திட்டத்தில் அந்தச் சூழல் எவ்வளவு இருக்கிறது என்பது கடைசிக் கேள்வி.

வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருக்கும் ஒரு பெண் ஊழியரை எடுத்துக்கொள்வோம். மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் தேங்கிக் கிடந்த கடன் விண்ணப்பத்தை ஒரே மதியத்தில் முடித்துக்கொடுத்த நாளை அவர் நினைவுகூர்கிறார். வழக்கமான மதிப்பீட்டில் இது ‘பேச்சுத்திறன் நன்று’ என்று ஒரு வரியாகச் சுருங்கியிருக்கும். தோண்டிக் கேட்டால் வேறு விஷயங்கள் வெளிவரும். அன்று கவுன்ட்டரை வேறொருவர் பார்த்துக்கொண்டார். குழுவினரை உட்காரவைத்துப் பேச ஓர் அறை காலியாக இருந்தது. சிறு திருத்தங்களை மேலே அனுப்பாமல் தானே முடிக்கலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்த ஊழியரின் திறமை மற்ற நாட்களிலும் அவரிடம் இருந்ததுதான். அந்த மூன்று சூழல்கள் மட்டும் மற்ற நாட்களில் இல்லை. இப்போது கேள்வி ஊழியரிடமிருந்து மேலாளரிடம் திரும்புகிறது. பலம் சார்ந்த அணுகுமுறையில் நான் பெரிதாக மதிப்பது இந்தத் திருப்பத்தைத்தான். ஆளைத் திருத்தும் வேலையாகத் தொடங்கியது, வேலையைத் திருத்தும் வேலையாக மாறுகிறது.

மொத்த நிறுவனத்திடமும் இதே போலக் கேட்க முடியும். 1980இல் கிளீவ்லாண்ட் கிளினிக் மருத்துவமனையை ஆராயப் போன டேவிட் கூப்பர்ரைடர் என்ற முனைவர் பட்ட மாணவர், அங்கிருந்த ஒத்துழைப்பைக் கண்டு வியந்தார். வழிகாட்டி சுரேஷ் ஸ்ரீவஸ்த்வாவின் ஊக்கத்தில், எது சரியாக நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதையே ஆய்வாக்கினார். பின்னாளில் பல நாட்டு நிறுவனங்களுக்குப் பரவிய ஒரு முறை அங்கே பிறந்தது.

இதற்கு எல்லையும் உண்டு. மருந்தின் அளவைத் தவறாகக் குறிக்கும் செவிலியரிடம் அந்தத் தவறைத்தான் முதலில் பேச வேண்டும்; அவருடைய பரிவைப் பற்றிய பேச்சு பிறகு வரட்டும். பலமே மிகையாகிக் கெடுப்பதையும் ராபர்ட் காப்லனும் ராபர்ட் கைசரும் 2009இல் எடுத்துக்காட்டினார்கள்: அடித்துப் பேசி வேலை வாங்கும் தலைவர், ஒரு கட்டத்தில் யாரையும் வாய் திறக்க விடாதவராகிறார்.

நம் அலுவலகங்களில் நான் அஞ்சுவது வேறொன்றை. ‘இதுல நீதாம்மா கெட்டிக்காரி’ என்ற ஒரு வாக்கியத்தோடு இன்னும் நான்கு கோப்புகள் மேசைக்கு வந்து சேரும். பலத்தைக் கண்டறிந்த கையோடு சுமையைக் கூட்டுவது இந்த முறையில் எங்கும் சொல்லப்படவில்லை. அந்த நான்கு கோப்புகளைக் கொடுப்பவர், அந்த ஊழியர் ஏற்கெனவே பார்த்துவரும் வேலைகளில் எந்த நான்கை எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்பதையும் அதே அமர்வில் ஊழியரிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.