இரண்டு கண்டம், ஒரே ஃபெர்ரி! இஸ்தான்புல் அதிசயங்கள் தெரியுமா?

காலை டிபன் ஆசியாவில்! மதியச் சாப்பாடு ஐரோப்பாவில்! ராத்திரித் தூக்கம் மறுபடியும் ஆசியாவில்! இதற்கு விமானம் வேண்டாம், பாஸ்போர்ட்டில் முத்திரையும் வேண்டாம். ஒரு ஃபெர்ரியும் 20 நிமிடமும் இருந்தால் போதும்! அப்படியும் ஒரு ஊரா? ஆமாம், துருக்கியின் இஸ்தான்புல்! ஒன்றரைக் கோடிக்கும் மேல் மக்கள் வாழும் இந்த மாநகரின் நடுவே கடல் ஓடுகிறது. இந்தக் கரை ஐரோப்பா, அந்தக் கரை ஆசியா! இங்கே படகு, பார்வை, பந்தி மூன்றிலும் ஆச்சரியம் கொட்டிக் கிடக்கிறது. அள்ளிக்கொள்ளலாமா?

தலைநகரம் இல்லையாம்!

துருக்கியின் தலைநகரம் எது? இஸ்தான்புல் என்றுதானே சொல்ல வந்தீர்கள்? தப்பு! 1923 முதல் அங்காராதான் தலைநகர். ஆனால் அதற்கு முன்பு ரோமானியர், பைசாண்டியர், ஒட்டோமான்கள் என்று பேரரசு மேல் பேரரசாக இங்கிருந்தே ஆண்டார்கள். கிட்டத்தட்ட 1,600 ஆண்டுகள்!

மேலே ஒரு ஆறு, கீழே ஒரு ஆறு!

ஊரை இரண்டாகப் பிளக்கும் கடலுக்குப் பெயர் போஸ்பரஸ் நீரிணை. நீளம் சுமார் 30 கிலோமீட்டர். மிகக் குறுகலான இடத்தில் அகலம் வெறும் 700 மீட்டர்! அதிசயம் தண்ணீருக்குள் இருக்கிறது. மேல்மட்ட நீர் வடக்கே கருங்கடலிலிருந்து தெற்கு நோக்கி ஓடுகிறது. அடிமட்ட நீர்? நேர் எதிராக, தெற்கிலிருந்து வடக்கே! மேலே இருப்பது உப்புக் குறைந்த லேசான நீர், கீழே இருப்பது உப்பு மிகுந்த கனமான நீர். 1679-இல் இதை அளந்து நிரூபிக்கக் கிளம்பிய இத்தாலியர் மார்சிலிக்கு வயது என்ன தெரியுமா? 21!

40,000 கப்பல்! 12 திருப்பம்!

இந்த ஒடுங்கிய வழியில் ஆண்டுக்கு சுமார் 40,000 கப்பல்கள் போகின்றன! வழி நேராகவாவது இருக்கிறதா? அதுவும் இல்லை. 12 இடங்களில் திரும்ப வேண்டும். யெனிகோய் அருகே ராட்சச எண்ணெய்க் கப்பல்கூட 80 டிகிரி வளைந்தாக வேண்டும்! இத்தனைக்கும் நடுவே பயணிகள் ஃபெர்ரிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்கின்றன. பார்க்கிற நமக்குத்தான் படபடப்பு. உள்ளூர்க்காரர் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருப்பார்!

கடலின் மேல் நடந்தார்கள்!

1954 பிப்ரவரியில் என்ன நடந்தது தெரியுமா? டான்யூப் ஆற்றிலிருந்து உடைந்த பனிப்பாளங்கள் கருங்கடல் வழியாக மிதந்து வந்து போஸ்பரஸையே அடைத்துவிட்டன! ஜனங்கள் கடல் மேல் இறங்கி நடந்தார்கள்! 1929-லும் இதே கதைதான்.

திரும்பவே வேண்டாத கப்பல்!

வண்டிகளைச் சுமந்துகொண்டு கரை கடக்கும் ஃபெர்ரியை இன்று உலகமெங்கும் பார்க்கிறோம். அந்த வகையில் உலகின் முதல் கப்பல்களில் ஒன்று எங்கே ஓடியது? இங்கேதான்! 'சுஹுலெத்' என்று பெயர். 1870-களின் தொடக்கத்தில் குதிரை வண்டிகளை ஏற்றிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். எனவே கரைக்குப் போனதும் கப்பலைத் திருப்ப வேண்டியதே இல்லை! எத்தனை வருடம் உழைத்தது தெரியுமா? 80 ஆண்டுகளுக்கும் மேல்!

70 வயதில் மறுபிறவி!

இத்தாலியின் தாரந்தோவில் 1952-இல் கட்டிய ஃபெர்ரி 'பாஷாபாச்சே'. 2010-இல் ஓய்வு கொடுத்தார்கள். கதை முடிந்ததா? இல்லை! பழுது பார்த்து, பெயின்ட் அடித்து 2022-இல் மீண்டும் கடலில் இறக்கிவிட்டார்கள்! அதே 1952-இல் கிளாஸ்கோவில் பிறந்த 'ஃபெனர்பாச்சே' இப்போது ரஹ்மி கோச் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதற்குள்ளும் ஏறிப் பார்க்கலாம்!

டிக்கெட் இல்லாத பயணிகள்!

ஃபெர்ரி கிளம்பியதும் கூடவே ஒரு கூட்டம் கிளம்பும். யார் அவர்கள்? கடற்காகங்கள்! பயணிகள் கையில் எள் ஒட்டிய வட்ட ரொட்டி இருக்குமே, அதன் பெயர் சிமித். அதைப் பிய்த்து வீச வேண்டியதுதான், அந்தரத்திலேயே லபக்! அதிர்ஷ்டம் இருந்தால் தண்ணீரில் டால்பின்களும் துள்ளும். ஆமாம், கோடிப் பேர் வாழும் ஊரின் நட்ட நடுவே டால்பின்!

பாம்புக்குப் பயந்து கட்டிய கோபுரம்!

ஆசியக் கரையை ஒட்டிக் கடலுக்குள் தனியாக ஒரு குட்டிக் கோபுரம் நிற்கும். அதுதான் கன்னி கோபுரம். இளவரசி பாம்பு கடித்துச் சாவாள் என்று குறி சொன்னார்களாம். பதறிய அரசர் மகளைக் கடல் நடுவே குடிவைத்தாராம். கடைசியில் பழக்கூடைக்குள் ஒளிந்து வந்தது பாம்பு! எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதா? நம் பரீட்சித்து மகாராஜாவைத் தட்சகன் தேடி வந்ததும் பழத்துக்குள் ஒளிந்துதானே! 1999-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்திலும் இந்தக் கோபுரம் நடித்திருக்கிறது!

கோபுரத்திலிருந்து குதித்தால் அடுத்த கண்டம்!

ஜெனோவா வணிகர்கள் 1348-இல் எழுப்பியது கலாத்தா கோபுரம். உயரம் 60 மீட்டருக்கும் மேல். 17-ஆம் நூற்றாண்டில் ஹெசார்ஃபென் அகமது செலபி என்பவர் இறக்கை கட்டிக்கொண்டு இங்கிருந்து குதித்தாராம். எங்கே போய் இறங்கினார்? 3 கிலோமீட்டருக்கு அப்பால், ஆசியாவின் உஸ்குதாரில்! எழுதி வைத்தவர் அந்தக் காலத்து ஊர்சுற்றி எவ்லியா செலபி. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு!

4½ டன் சரவிளக்கு!

ஃபெர்ரியிலிருந்து பார்த்தால் ஐரோப்பியக் கரையில் ஒரு வெள்ளை மாளிகை நீண்டுகொண்டே போகும். அது தோல்மாபாச்சே அரண்மனை. 1856-இல் கட்டி முடித்தார்கள். 285 அறைகள்! உள்ளே தொங்கும் ஒரு சரவிளக்கின் எடை எவ்வளவு? நாலரை டன்! அதில் 750 விளக்குகள்! துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் 1938 நவம்பர் 10-ஆம் தேதி இறந்ததும் இங்கேதான். அவருடைய அறைக் கடிகாரம் இன்றும் 9.05-லேயே நிற்கிறது!

தண்ணீருக்குள் தலைகீழ்த் தலை!

அரண்மனையை அண்ணாந்து பார்த்தது போதும், பூமிக்கு அடியில் இறங்குவோமா? 6-ஆம் நூற்றாண்டில் கட்டிய பாதாளத் தொட்டி ஒன்று இருக்கிறது. தாங்கி நிற்கும் தூண்கள் 336! கொள்ளளவு சுமார் 8 கோடி லிட்டர்! இரண்டு தூண்களுக்கு அடியில் கிரேக்கப் புராண அரக்கி மெதூசாவின் தலைகள். ஒன்று பக்கவாட்டில், இன்னொன்று தலைகீழாக! இப்படி ஒரு தொட்டி இருப்பதையே வெளியுலகம் ஒரு காலத்தில் மறந்துவிட்டதாம். 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் துப்புத் துலக்கினார். எப்படி? வீட்டுத் தரையிலுள்ள ஓட்டை வழியாக மக்கள் மீன் பிடிப்பதைப் பார்த்து!

ஆறே வருடத்தில் ஆயிரம் வருட சாதனை!

ஹாகியா சோபியாவைக் கட்ட எவ்வளவு காலம் ஆகியிருக்கும்? ஐம்பது வருடம்? நூறு வருடம்? ஆறு வருடம்கூட ஆகவில்லை! 537-இல் முடிந்தது. மேலே 31 மீட்டர் அகலக் குவிமாடம்! ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் உலகின் மிகப் பெரிய தேவாலயம் இதுதான். பிறகு மசூதி, 1935 முதல் அருங்காட்சியகம், 2020-இல் மறுபடி மசூதி! மாடியில் ஒரு வைக்கிங் வீரன் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். சுற்றுலா போன இடத்தில் பெயர் கிறுக்கும் வியாதி அப்போதே இருந்திருக்கிறது!

மலையேறிய கப்பல்கள்!

1453-இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் படையெடுத்து வந்தார். தங்கக் கொம்பு என்னும் கழிமுகத்தின் வாயில் பைசாண்டியர் பிரம்மாண்ட இரும்புச் சங்கிலி கட்டி வழியை மறித்துவிட்டார்கள். சுல்தான் என்ன செய்தார் தெரியுமா? கொழுப்புத் தடவிய மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, சுமார் 70 கப்பல்களை மேட்டு நிலத்தின் வழியாகவே இழுத்துச் சென்று மறுபக்கம் இறக்கினார்! அந்தச் சங்கிலியின் துண்டுகள் இன்னும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன!

டா வின்சியின் பாலம்!

அதே தங்கக் கொம்பின் மேல் பாலம் கட்ட 1502-இல் அப்போதைய சுல்தானுக்கு வரைபடம் அனுப்பியவர் யார்? சாட்சாத் லியோனார்டோ டா வின்சி! ஒரே வளைவு, நீளம் சுமார் 240 மீட்டர். திட்டம் கிடப்பில் போனது. 2019-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சின்ன மாதிரி செய்து சோதித்தார்கள். பாலம் நின்றது!

தோண்டினால் கப்பல்!

கடலுக்கு அடியில் ரயிலிலும் கண்டம் தாண்டலாம்! சுமார் 60 மீட்டர் ஆழத்தில் சுரங்கம், 4 நிமிடப் பயணம். யோசனை பிறந்தது 1860-இல், ரயில் ஓடியது 2013-இல்! தோண்டும் வேலையும் தாமதமானது. ஏன்? யெனிகாபியில் தோண்டத் தோண்டப் பழைய கப்பல்களாக வந்தன. மொத்தம் 37! கூடவே 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதக் காலடித் தடங்களும்!

லண்டனுக்கு அடுத்து!

உலகின் முதல் பாதாள ரயில் லண்டனில், 1863-இல். இரண்டாவது? பாரிஸும் இல்லை, நியூயார்க்கும் இல்லை! 1875-இல் ஓடத் தொடங்கிய இஸ்தான்புல்லின் 'துனெல்'! நீளம் வெறும் 573 மீட்டர். ஏறி உட்காருவதற்குள் இறங்க வேண்டியதுதான். இன்றும் ஓடுகிறது!

ஓடியும் கடக்கலாம், நீந்தியும் கடக்கலாம்!

1973-இல் திறந்த முதல் போஸ்பரஸ் பாலத்தில் சாதாரண நாட்களில் நடக்க அனுமதி இல்லை. ஆனால் மாரத்தான் நாளில்? ஆசியாவில் ஓடத் தொடங்கி ஐரோப்பாவில் முடிக்கலாம்! நீச்சல்காரர்களுக்கும் போட்டி உண்டு. 6.5 கிலோமீட்டர்! 1989-இல் 68 பேரோடு தொடங்கியது. இப்போது 2,000-க்கும் மேற்பட்டோர் குதிக்கிறார்கள். அன்று கப்பல்கள் ஒதுங்கி வழிவிடும்!

போதும் என்று சொல்லும்வரை!

பசிக்கிறதா? தெருவோரம் சிப்பிக்குள் மசாலா சோறு அடைத்து விற்பார்கள். இதன் பெயர் மித்யே தோல்மா. எலுமிச்சை பிழிந்து நீட்டுவார்கள். சாப்பிட்டதும் அடுத்தது, அதற்கடுத்தது! நீங்கள் 'போதும்' என்று சொல்லும்வரை கை ஓயாது. பில்? காலி ஓடுகளை எண்ணிக் கணக்கு!

வளர வளரப் பெயர் மாறும் மீன்!

கலாத்தா பாலத்தின் மேலே வரிசையாகத் தூண்டில்கள், கீழ்த்தட்டில் வரிசையாக மீன் உணவகங்கள்! இங்கே மவுசு லூஃபெர் மீனுக்கு. சிறியதாக இருந்தால் சினெகோப், சற்றுப் பெருத்தால் சாரிகனாத், பிறகு லூஃபெர், மேலும் பெருத்தால் கோஃபானா. மீன் ஒன்றுதான்!

கோழிக்கறியில் பாயசமா?

முகம் சுளிக்காதீர்கள்! கோழியின் நெஞ்சுக்கறியை நார் நாராகப் பிய்த்து, பால், சர்க்கரை சேர்த்துக் கிண்டினால் தாவுக் கோய்சு. சுல்தான்கள் ரசித்த இனிப்பு! கறி வாசனையே வராது. ஐஸ்கிரீம் இன்னும் விசேஷம். ஆர்க்கிட் கிழங்கு மாவு சேர்ப்பதால் இழுத்தால் நீளும், கத்தியால்தான் வெட்ட வேண்டும்! ஃபெர்ரியில் கான்லிஜா துறைக்குப் போனால் கெட்டித் தயிர் மேல் மாவுச் சர்க்கரையைத் தூவித் தருவார்கள்!

18-ஆம் நூற்றாண்டு மிட்டாய்க் கடை!

ஹாஜி பெகிர் மிட்டாய்க் கடை தொடங்கிய ஆண்டு 1777! அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது! புளிக்கவைத்த தானிய பானமான போசா விற்கும் வெஃபா கடைக்கு வயது குறைவு. 1876-தான்! மேலே பட்டைப் பொடி, கடிக்க வறுத்த கொண்டைக்கடலை.

காபியா, டீயா?

துருக்கி என்றால் காபி என்றுதானே நினைக்கிறோம்? 1633-இல் சுல்தான் நான்காம் முராத் காபிக்கே தடை போட்டார்! தடை போனது, காபி நிலைத்தது. ஆனால் இன்று ராஜா யார்? டீ! ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 3 கிலோவுக்கு மேல் தேயிலை. இந்தக் கணக்கில் உலகிலேயே துருக்கிதான் முதலிடம்!

61 தெருவுக்கும் ஒரே கூரை!

கிராண்ட் பஜாரில் 61 தெருக்கள், 4,000 கடைகள், அத்தனையும் கூரைக்கு அடியில்! நாளொன்றுக்கு இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். பக்கத்தில் 1660-களில் எழுந்த மசாலா பஜார். அந்தக் காலத்தில் நம் மலபார் மிளகு செங்கடல் ஏறி, எகிப்து வழியாக இந்த ஊருக்கும் வந்து சேர்ந்தது!

பூனைக்குச் சிலை!

தெருவெங்கும் பூனைகள்! காடிக்கோய் பகுதியில் நடைபாதைப் படியில் கை ஊன்றி, சாவகாசமாகச் சாய்ந்திருந்த பூனை தோம்பிலி. அது இறந்ததும் 2016-இல் சிலை வைத்தார்கள். அடுத்த மாதமே சிலை களவு போனது! ஊரே கொந்தளிக்க, திருடன் திருப்பி வைத்துவிட்டான்!

கார் இல்லாத தீவுகள்!

ஃபெர்ரியை விட்டு இறங்க மனமில்லையா? அப்படியே இளவரசர் தீவுகளுக்குப் போங்கள். மொத்தம் 9 தீவுகள். சொந்தக் காருக்கு இடமில்லை! குதிரை வண்டிகளும் 2020-இல் நின்று, இப்போது மின்வண்டிகள் ஓடுகின்றன. ரஷ்யப் புரட்சியின் டிராட்ஸ்கி நாடு கடத்தப்பட்டு 1929-இலிருந்து 1933 வரை வாழ்ந்த பெரிய தீவு இங்கேதான். ஐரோப்பாவின் மிகப் பெரிய மரக் கட்டடமும் இங்கேதான். ஹோட்டலாகக் கட்டினார்கள், அனுமதி கிடைக்கவில்லை, அனாதை இல்லமானது!

ஆக, எங்கே உட்கார்ந்து பார்ப்பது?

இவ்வளவையும் பார்க்கப் பணத்தைக் கொட்டித் தனிப் படகு பிடிக்க வேண்டுமா? வேண்டவே வேண்டாம்! ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் சாதாரண ஃபெர்ரி போதும். இஸ்தான்புல்கார்ட் என்ற அட்டை ஒன்று வாங்கினால் ஃபெர்ரி, டிராம், ரயில் எல்லாவற்றுக்கும் அதுவே! சாயங்காலம் காடிக்கோயிலிருந்து எமினோனு போகும் ஃபெர்ரியில் ஏறுங்கள். எதிரே பழைய நகரின் குவிமாடங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். வெளிப்பக்க பெஞ்சில் இடம் பிடிக்க மட்டும் கொஞ்சம் முந்திக்கொள்ளுங்கள். இஸ்தான்புல்லில் அதைவிட நல்ல இருக்கை கிடையாது!