கோதுமை வயலின் நான்கு சதவீதம்

ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரத்துக்குத் தெற்கே டெர்வில் என்று ஓர் ஊர். அதை ஒட்டிய வண்டல் மண்ணில் ஒரு ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், கோதுமை விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். மணி 4.5 டன். அதோடு வைக்கோல், உமி, வேர் எல்லாவற்றையும் சேர்த்துக் காயவைத்து எடை போட்டால் மொத்தம் 10 டன் அளவுக்கு வரும். இந்தப் பத்து டன்னும் எங்கிருந்து வந்தன?

முதல் பற்று காற்றின் பெயரில். உலர்ந்த பயிரின் எடையில் 45 சதவீதம் கார்பன். பத்து டன்னுக்கு நாலரை டன். இன்றைய காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்குதான் கரியமில வாயு. ஒரு கன மீட்டர் காற்றை முழுவதும் வடித்தெடுத்தாலும் அதில் கிடைக்கும் கார்பன் 0.21 கிராம். அப்படியானால் நாலரை டன்னுக்கு 2 கோடியே 10 லட்சம் கன மீட்டர் காற்று வேண்டும். அந்த ஒரு ஹெக்டேர் மேல் 2,100 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் காற்று முழுவதையும் இலைகள் சலித்தெடுக்கின்றன என்று பொருள்.

அடுத்தது தண்ணீர். ஒரு கிலோ உலர் எடைக்குக் கோதுமை 500 லிட்டர் அளவில் குடிக்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி இலைத்துளை வழியாக ஆவியாகப் போய்விடும், உடம்பில் தங்குவது சொற்பம். பத்து டன்னுக்கு 50 லட்சம் லிட்டர், மழைக்கணக்கில் 500 மில்லிமீட்டர். டெர்வில் பகுதியில் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். மீதி 300 என்ன ஆகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன். வெயிலோ ஏராளம். நடு ஸ்விட்சர்லாந்தில் ஒரு சதுர மீட்டரில் ஆண்டு முழுக்க விழும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 1,100 கிலோவாட் மணி. அதில் அந்தச் சதுர மீட்டரில் விளையும் ஒரு கிலோ பயிராகச் சேமிப்பில் நிற்பது ஐந்து கிலோவாட் மணிக்கும் குறைவு.

கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் மூன்றும் சேர்ந்து எடையில் 96 சதவீதம். மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வருகின்றன. மண் தரும் பங்கு நான்கு சதவீதம்தான். உழவனின் கைச்செலவு பெரும்பாலும் அந்த நான்கில்தான் போகிறது. பயிர் நோஞ்சானாவதும், நிலத்தடி நீர் கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

பெல்ஜியத்தின் வான் ஹெல்மோன்ட் இந்த நான்கு சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டே தவறவிட்டார். 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கொம்பை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மண்ணில் குறைந்தது 2 அவுன்ஸ். அந்த 2 அவுன்ஸை அவர் பொருட்படுத்தவில்லை, மரம் முழுக்கத் தண்ணீர்தான் என்று முடிவு கட்டினார். அவர் மறைந்த பிறகு, 1648 இல் இது அச்சேறியது.

கணக்கைச் சரிசெய்தவர்கள் ஜெனீவாக்காரர்கள். வெளிச்சத்தில் செடி நல்ல காற்றை வெளிவிடுவதற்குக் கரியமில வாயு வேண்டும் என்று 1782 இல் காட்டினார் ஜான் செனபியே. அவர் மதகுரு, ஜெனீவாக் குடியரசின் நூலகரும்கூட. அதைத் தராசில் ஏற்றியவர் நிக்கோலா-தியோடோர் டி சோசூர், மோன் பிளாங் சிகரம் ஏறிய ஓராஸ்-பெனடிக்ட் டி சோசூரின் மகன். நம் நித்தியகல்யாணிக்கு உறவான வின்காச் செடிகளை மூடிய கண்ணாடிக் கலத்தில் வைத்தார். கலத்துக் காற்றில் குறைந்த கரியமில வாயு எவ்வளவு, கூடிய ஆக்சிஜன் எவ்வளவு, செடியில் ஏறிய கார்பன் எவ்வளவு என்று தனித்தனியாக அளந்தார். கார்பனை மட்டும் கூட்டினால் செடியின் எடைக்கூடுதல் முழுவதும் கிடைக்கவில்லை. ஆகவே நீரும் உடம்பாகிறது என்றார். செடிகளை எரித்துச் சாம்பலையும் ஆராய்ந்தார். நீரில் கரைந்திருக்கும் உப்புகளை எல்லாம் வேர் ஒரே விகிதத்தில் உறிஞ்சுவதில்லை, தேர்ந்தெடுத்தே எடுக்கிறது என்று கண்டார். இவை அடங்கிய அவருடைய நூல் 1804 இல் வெளிவந்தது. பயிருக்கு வரவு செலவு எழுதும் பழக்கம் அந்த நூலில்தான் உறுதிப்பட்டது என்பது என் எண்ணம்.

இன்று செடிக்கு இன்றியமையாதவை என்று ஏற்கப்பட்ட தனிமங்கள் 17. கடைசியாகச் சேர்ந்த நிக்கலுக்கு 1987 இல்தான் இடம் கிடைத்தது. நம் பத்து டன் பயிரில் சராசரியாகத் தழைச்சத்து 150 கிலோ, சாம்பல் சத்து 100, சுண்ணாம்புச் சத்து 50, மக்னீசியம் 20, மணிச்சத்து 20, கந்தகம் 10. அதற்குக் கீழே எடை சரிகிறது. இரும்பு ஒரு கிலோ, துத்தநாகம் 200 கிராம், செம்பு 60 கிராம். மாலிப்டினம் ஒரே ஒரு கிராம். அந்த ஒரு கிராம் இல்லாவிட்டால் வேர் எடுத்த நைட்ரேட்டைப் பயிரால் புரதமாக மாற்ற முடியாது. 150 கிலோ தழைச்சத்து இருந்தும் இலை வெளிறும்.

இந்த நான்கு சதவீதத்தை எப்படிக் கொடுப்பது என்ற வழக்கைத்தான் டெர்விலில் 1978 முதல் நடத்திவருகிறார்கள். அரசின் அக்ரோஸ்கோப் ஆய்வு நிலையமும், இயற்கை வேளாண்மைக்கென்று 1973 இல் தொடங்கிய ஃபீபிள் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் வயல் இது. 5 மீட்டருக்கு 20 மீட்டர் அளவில் 96 பாத்திகள். உயிராற்றல் (பயோடைனமிக்) முறை, இயற்கை முறை, வழக்கமான முறை மூன்றும் அருகருகே நடக்கின்றன. உரமே கொடுக்காத பாத்திகளும் ஒப்பீட்டுக்கு உண்டு. பயிர்ச்சுழற்சி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், ஏழாண்டுச் சுற்று. இப்படி ஒரே வயலைத் தலைமுறை கடந்து கவனிப்பது நமக்கும் புதிதல்ல. கோயம்புத்தூரில் நிரந்தர உரப் பரிசோதனை வயல் 1909 இல் தொடங்கியது, டெர்விலுக்கு 69 ஆண்டு மூத்தது.

முதல் 21 ஆண்டுக் கணக்கு 2002 இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. இயற்கை முறைப் பாத்திகளில் விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைவு. உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் குறைவு. பூச்சிக்கொல்லி 97 சதவீதம் குறைவு. கோதுமை மணி ஹெக்டேருக்கு 4.1 டன், வழக்கமான பாத்தியின் விளைச்சலில் 90 சதவீதம். தீவனப் புல்லில் பெரிய வேறுபாடு இல்லை. அடி வாங்கியது உருளைக்கிழங்கு. வழக்கமான முறையின் விளைச்சலில் 58 முதல் 66 சதவீதம்தான் தேறியது. காரணம் இரண்டு: சாம்பல் சத்துப் போதவில்லை, பின்கருகல் நோயும் தாக்கியது. பசியும் நோயும் பயிருக்கு வேறுவேறு அல்ல என்பதை இந்த ஒரு வரவுக்குறிப்பு சொல்லிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிழங்கை இழப்பது எந்த விவசாயிக்கும் சின்ன விஷயமில்லை. இயற்கை வேளாண்மையை விரும்புகிறவர்கள் இந்த எண்ணை மறைக்கக் கூடாது.

அதே கணக்கில் விலைச்சீட்டு ஒட்ட முடியாத சில வரவுகளும் இருக்கின்றன. இயற்கை முறைப் பாத்திகளில் மண்புழுக்களின் மொத்த எடை 1.3 முதல் 3.2 மடங்கு. வேரோடு கூடி வாழ்ந்து மணிச்சத்தைத் தேடித்தரும் வேர்ப்பூஞ்சை படர்ந்த வேர்நீளம் 40 சதவீதம் கூடுதல். விளைச்சலை மட்டும் எழுதும் பேரேட்டில் இவை ஏறுவதில்லை. ஆனால் அடுத்த ஆண்டு வேருக்குப் படியளப்பது இவைதான். உரம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தும் கோதுமையில் பத்து சதவீதம் மட்டுமே ஏன் குறைந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இனி மாட்டின் கணக்கு. ஸ்விஸ் நீர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு எருவை அளக்க ஓர் அலகு உண்டு. ஒரு பெரிய மாடு ஆண்டுக்குத் தருவது 105 கிலோ தழைச்சத்து, 15 கிலோ மணிச்சத்து. ஹெக்டேருக்கு அத்தகைய மூன்று மாடுகளின் எருவுக்கு மேல் போகக் கூடாது. 4.5 டன் கோதுமை மணி வயலை விட்டுக் கொண்டுபோவது சுமார் 90 கிலோ தழைச்சத்து, 15 கிலோ மணிச்சத்து. தாளில் பார்த்தால் ஒரு மாடும் ஒரு ஹெக்டேரும் ஏறக்குறைய ஈடு. வயலில் அப்படி நடப்பதில்லை. சாணக்கரைசலை வீசித் தெளித்தால் தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடுகிறது. அதனால் 2024 தொடக்கம் முதல், சரிவு குறைந்த நிலங்களில் தரையோடு இழுபடும் குழாய் வழியாகத்தான் விட வேண்டும் என்று விதி வந்தது. பண்ணைகளின் சத்துக் கணக்கில் அதுவரை தேவைக்கு மேல் 10 சதவீதம் காட்ட அனுமதி இருந்தது, அதுவும் அதே நாளில் ரத்தானது. கணக்கு சரியாக இருந்தால்தான் அரசின் நேரடி மானியம் கிடைக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 280 கோடி பிராங்க். விளைநிலம் சுமார் பத்தரை லட்சம் ஹெக்டேர், ஆகச் சராசரியாக ஹெக்டேருக்கு 2,700 பிராங்க் அளவில் வருகிறது.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பதற்கு அந்த மீதி 300 மில்லிமீட்டர் மழையிடம் போக வேண்டும். பயிர் குடிக்காத குளிர்கால மழை அது. அது முழுவதும் மண்ணுக்குள் இறங்கினால் ஹெக்டேருக்கு 30 லட்சம் லிட்டர். நிலத்தடி நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஸ்விஸ் விதி. பெருக்கி, நைட்ரேட்டில் உள்ள தழைச்சத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால், 17 கிலோ தழைச்சத்து கசிந்தாலே அந்த வரம்பைத் தொட்டுவிடும். மணியில் போகும் 90 கிலோவின் பக்கத்தில் அந்தப் பதினேழு கண்ணுக்கே படாது. உழவு மிகுந்த பகுதிகளில் 40 சதவீத அளவுக்கு அளவீட்டு நிலையங்கள் வரம்பைத் தாண்டுவது இதனால்தான். 2021 ஜூன் 13 அன்று குடிநீருக்காகவும் பூச்சிக்கொல்லித் தடைக்காகவும் இரண்டு முன்மொழிவுகள் மக்கள் வாக்குக்கு வந்தன. இரண்டையும் சுமார் 61 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். பேரேட்டின் எண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

தழைச்சத்தைக் காற்றிலிருந்து தொழிற்சாலையில் பிடிக்கலாம், குளோவர் புல்லின் வேர்முடிச்சும் பிடித்துத் தரும். மணிச்சத்துக்கு அந்த வழி இல்லை. அது பாறையிலிருந்து வர வேண்டும், ஸ்விட்சர்லாந்தில் அந்தப் பாறை வெட்டப்படுவதில்லை. ஊர்க்கழிவுநீரின் கசடை முன்பு வயலில் கொட்டினார்கள். அதிலிருந்த நச்சுப்பொருள்களுக்கு அஞ்சி 2006 இல் அதை முற்றாகத் தடைசெய்து, கசடை எரிக்கத் தொடங்கினார்கள். தடை சரியானதுதான். ஆனால் அந்தக் கசடில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,000 டன் மணிச்சத்து இருக்கிறது. அது சாம்பலோடு குப்பைமேட்டுக்கும் சிமெண்டுக்கும் போனது. 2016 இல் நடைமுறைக்கு வந்த கழிவு ஆணை, இனி அதை மீட்டாக வேண்டும் என்று சொல்லிப் பத்தாண்டு அவகாசம் கொடுத்தது. சூரிச் மாநிலம் 2015 முதலே தன் கசடை வெர்ட்ஹோல்ஸ்லி என்ற ஒரே ஆலையில் சேர்த்து எரிக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் ஈரக் கசடு.

6,000 டன்னை ஹெக்டேருக்கு 15 கிலோ என்று வகுத்தால் 4 லட்சம் ஹெக்டேர் கோதுமை வரும். விதைத்த புல்வெளியையும் சேர்த்து ஸ்விட்சர்லாந்தில் ஏர் பிடிக்கும் நிலம் மொத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்.